புகை நின்றது... பிணம் விழுந்தது!

பிணத்தின் கன்னங்கள் சிவந்திருந்தன.

நல்ல ரோஜாச் சிவப்பு!

இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் குனிந்து பார்த்தார். வெளுத்த பிணம், நீலம் பாரித்த பிணம், வைகையில் ஊறிய பிணம் என்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். இப்போதுதான் முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்ட மாதிரி ஒரு பிணத்தை அவர் பார்த்ததில்லை.

சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, தூங்குவது போலவே செத்துப்போயிருந்தார் உக்கிரபாண்டி.

பழங்காநத்தத்துச் சாயப்பட்டறை முதலாளி. நூலுக்கும் துணிக்கும் சாயம் ஏற்றும் பட்டறை. தண்ணீர் கொதிக்க ஒரு ராட்சசக் கொதிகலன். அதற்குத் தீனி... பழைய லாரி டயர்கள்!

உடம்பில் காயமில்லை. கழுத்தில் தடமில்லை. மேஜையில் பாதி குடித்த பிராந்தி. தலைக்கு மேல் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. 1983-ல், அந்த வட்டாரத்திலேயே ஒரே ஏ.சி. ரூம் அதுதான்.

"ஐயா..." ஏட்டு சோணை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வந்ததுல இருந்து தலை கிர்ருங்குதுய்யா."

பாலசுந்தரத்துக்கும் கிர்ரென்றது!

"வெளிய வாய்யா!"

இருவரும் வராந்தாவுக்குப் பாய்ந்தார்கள். அங்கே கிளார்க் சுருளி நின்றான். பிணத்தை முதலில் பார்த்தவன் அவன்தான்.

"சாயங்காலம் காபி கொண்டு போனேன் சார். 'முதலாளி... முதலாளி...'ன்னு கூப்புட்டேன். அசையல. பக்கத்துல இருக்க டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பிட்டுத்தான் ஸ்டேசனுக்குப் போன் போட்டேன்."

டாக்டரம்மா வந்துவிட்டாள்.

சூடாமணி. இரண்டு தெரு தள்ளிச் சின்னதாய் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்திருப்பவள். நாற்பதைத் தொடும் வயது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், காலில் ரப்பர் செருப்பு.

பாலசுந்தரத்தைப் பார்த்ததும் சௌராஷ்டிரத்தில் இரண்டு வார்த்தை பேசினாள். இருவருக்கும் வீட்டுப் பாஷை அது. சோணை வழக்கம் போலக் கூரையைப் பார்த்தார்.

மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பிணத்தின் இமையைத் தூக்கினாள். நகத்தைப் பார்த்தாள்.

பிடித்த விரலை விடாமல் அப்படியே நின்றாள்.

"என்ன டாக்டர்?"

"கார்பன் மோனாக்ஸைடு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காத்து இல்லாம நெருப்பு புழுங்கினா வர்ற வாயு. கண்ணுக்குத் தெரியாது. தனியா ஒரு வாசனையும் கிடையாது. ரத்தத்துல போய் ஒட்டிக்கிட்டா ரத்தம் இப்படித்தான் சிவந்துபோகும். போஸ்ட்மார்ட்டத்துல இதைத்தான் சொல்வாங்க, பாருங்க."

"இந்த ரூம்ல ஏது நெருப்பு?"

அவள் பின்பக்கச் சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்... கொதிகலன் கொட்டகை!

*

"தகட்டை மூடச் சொன்னது முதலாளிதான் சாமி!"

கொதிகலனுக்கு டயர் போடும் மொக்கையன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

"எந்தத் தகடுய்யா?"

"புகைக்கூண்டுக்குள்ள ஒரு இரும்புத் தகடு இருக்கு சாமி. சங்கிலிய இழுத்தா மூடிக்கிரும். மூடிட்டா வெளிய ஒரு பொட்டுப் புகை தெரியாது."

"எதுக்கு மூடணும்?"

மொக்கையன் கிளார்க்கைப் பார்த்தான். கிளார்க் தரையைப் பார்த்தான்.

"சொல்லுய்யா!"

"தெருக்காரய்ங்க மனு போடுவாய்ங்க. சுகாதார ஆபீசர் பாக்க வருவாரு. வாரதுக்கு முன்னாடி அவரு ஆபீசுல இருந்தே ஒரு போன் வந்துரும். 'வாராக'ன்னு. உடனே தகட்ட மூடுவோம். ஆபீசர் மானத்தை அண்ணாந்து பாத்துட்டு 'புகையே இல்லையே'ன்னு போயிருவாரு."

சோணை 'அடப்பாவிகளா!' என்று முணுமுணுத்தார்.

"இன்னைக்கும் மதியம் போன் வந்துச்சாம். மூடச் சொன்னாக. மூடுனேன். டயர் போடாம நெருப்ப அமுக்கி வச்சுட்டுக் கொட்டகைய விட்டு வெளிய போயிட்டேன். ஆபீசரைக் காணோம். 'நான் சொல்ற வரைக்கும் தொறக்காத'ன்னு உத்தரவு. எப்படி சாமி தொறப்பேன்?"

அமுங்கிய நெருப்பின் வாயு வெளியே போக வழியில்லாமல் கொட்டகையில் தேங்கி, குழாய் போட்ட ஓட்டை வழியாக ஏ.சி. ரூமுக்குள் வந்திருக்கிறது. ஜன்னலே இல்லாத ரூம்! இரண்டு பெக் பிராந்தி போட்ட தூக்கம்! டயர் நாற்றம் உக்கிரபாண்டிக்குப் பல வருஷப் பழக்கம். மூக்கே சுளித்திருக்காது.

பாலசுந்தரம் டெலிபோனை எடுத்தார். ஆபீசரைப் பிடித்தார். பேசினார்.

வைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"சோணை... இன்னைக்கு யாரும் இங்க வர்றதா இல்ல! அங்கருந்து யாரும் போனே பண்ணல!"

"அப்ப மதியம் பேசுனது...?"

"சுருளி! போனை எடுத்தது யாரு?"

"நான்தான் சார்." சுருளி முன்னால் வந்தான். "பொம்பளைக் குரல். நல்லாப் படிச்ச மாதிரி. 'இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் கிளம்பிட்டார், முதலாளிகிட்டச் சொல்லிடுங்க'ன்னுச்சு. அவ்வளவுதான். வச்சுருச்சு."

"வேற ஏதாவது சத்தம் கேட்டுதா?"

சுருளி யோசித்தான்.

"பின்னாடி... நாய்க்குட்டி ஒண்ணு ஊளை விட்ட மாதிரி... உய்ய்... உய்ய்ய்...னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு சார்."

யாரோ ஒரு பெண். பொய்யாக ஒரு போன். ஒரு பிணம்!

"விபத்துன்னு நினைச்சேன். இது கொலைய்யா!" பாலசுந்தரம் தொப்பியை மாட்டினார். "பட்டறையைப் பூட்டி சீல் வை! விசாரணை முடியற வரைக்கும் ஒரு ஈ உள்ள போகக் கூடாது!"

கொதிகலன் அணைந்தது.

பழங்காநத்தத்து வானத்தில், வெகு காலத்துக்குப் பிறகு, நாள் முழுக்கக் கறுப்பு இல்லை.

*

முதல் சந்தேகம் காசிமாயன் மேல் விழுந்தது.

செத்தவரின் மச்சினன். அக்காவின் பெயரில் இனி பட்டறையை ஆளப்போகிறவன். தங்கச் சங்கிலி, சில்க் சட்டை, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் வாய்.

"நான் எதுக்கு சார் மாமாவைக் கொல்லப்போறேன்? அன்னைக்குத் திருவாதவூர்ல ஒரு கல்யாணம். தாலி கட்டுனதுல இருந்து பந்தி முடியற வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஊரே சாட்சி!"

விசாரித்தார்கள். ஊரே சாட்சி சொன்னது. பாயசம் மூன்று தடவை வாங்கினான் என்பது வரைக்கும்!

"சீல் எப்ப எடுப்பீக? பார்ட்டி சரக்குக் கேட்டு நெருக்குறாய்ங்க."

"உங்க மாமாவைக் கொன்னவங்களைப் பிடிக்க வேண்டாமா?"

"பிடிங்க சார். வேண்டாங்கல. பிடிக்கறதுக்குப் பட்டறை எதுக்கு மூடிக் கெடக்கணும்?"

அவன் போன சூட்டோடு ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பெண் குழந்தை.

"யாரும்மா?"

"எம்பேரு ஜெயக்கொடிங்கய்யா. பட்டறைக்குப் பின்னால இருக்க வரிசை வீடு. இது எம்மக சீனியம்மா. சீனின்னு கூப்புடுவோம்."

சீனி இன்ஸ்பெக்டரின் மேஜையைச் சுற்றி ஓடினாள். தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி ஓடினாள்.

ஜெயக்கொடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் கலங்கியிருந்தது.

"ஓடுறாய்யா..."

"ஓடினா என்னம்மா? குழந்தைதானே?"

"இவ ஓடி நான் பாத்ததே இல்லய்யா! நாலு எட்டு வச்சா இழுப்பு வந்துரும். நெஞ்சுக்குழி உள்ள போயிரும். ராவெல்லாம் உக்காந்துக்கிட்டே தூங்குவா. படுத்தா மூச்சு முட்டும். எங்க வரிசையில அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் இதேதான். டாக்டரம்மா ஊசி போடுவாக. வீட்டுக்குக் கூட்டியாந்தா மறுபடியும் அதே புகை. துவச்ச துணியில, சோத்துல, பிள்ளை மூக்குல எல்லாம் கரி."

"மனு போட்டீங்களா?"

"போடாத எடமா? மனுக் குடுத்துக் குடுத்துக் கையெழுத்தே பழகிருச்சு."

பாலசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிம்மா. இப்ப என்ன வேணும்? யார் மேலயாவது சந்தேகமா? கொலைகாரங்க யாருன்னு தெரியுமா?"

ஜெயக்கொடி சட்டென்று அவர் காலில் விழுந்தாள்.

"கண்டுபிடிச்சிராதீகய்யா!"

"என்னது?!"

"இந்தக் கேஸக் கண்டுபிடிச்சிராதீக! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! நீங்க கண்டுபிடிச்சா சீல் பிரிச்சிருவாய்ங்க. சீல் பிரிச்சா பட்டறை ஓடும். இப்பத்தான்யா எம்பிள்ளை படுத்துத் தூங்குது!"

ஸ்டேஷனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

'கண்டுபிடியுங்கள்' என்று கதறுகிறவர்களை பாலசுந்தரம் தினமும் பார்க்கிறார். இது புதுசு!

"எந்திரிம்மா. கேஸைத் தேட வேண்டாம்னு போலீஸ்கிட்டச் சொல்ல முடியாது."

"எம்புட்டு நாளைக்குத் தேடுவீக?"

"முடியற வரைக்கும்."

"முடியவே கூடாதுய்யா..."

சீனி இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த வாரம் டி.எஸ்.பி. போனில் வெடித்தார்.

"பாலசுந்தரம்! மேலேருந்து பிரஷர் வருது. தொழில் முடங்கிக் கிடக்கு, ஆளுங்களுக்குக் கூலி இல்லைன்னு சொல்றான் அந்தக் காசிமாயன். ஆளைப் பிடி. இல்லை, விபத்துன்னு முடி. நாளைக்குள்ள ரிப்போர்ட் வேணும்!"

அந்தச் செய்தி எப்படித்தான் தெருவுக்குப் போனதோ... மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டம்!

எல்லாம் பெண்கள். இடுப்பில் பிள்ளைகள்.

"என்ன சோணை இது?"

"சரணடைய வந்திருக்காகய்யா."

"யாரு?"

"எல்லாருமே!"

முதலில் வந்தவள் ஜெயக்கொடி. இரண்டு கையையும் நீட்டினாள்.

"நான்தேன் போன் பண்ணுனேன். நான்தேன் கொன்னேன். விலங்கு மாட்டுங்க."

"அவ பொய் சொல்றாய்யா!" பின்னாலிருந்து அன்னக்கொடி என்ற பருத்த பெண் தள்ளிக்கொண்டு வந்தாள். "போன் பண்ணுனது நானு! எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்!"

"ரெண்டு பேரும் இல்ல சாமி. நானு!" இது இருளாயி. காய்கறிக் கூடையோடு வந்திருந்தாள். "என்னைய உள்ள வைங்க. கோர்ட்டுல கேஸு எம்புட்டு வருசம் இழுக்குமோ, இழுக்கட்டும். அதுவரைக்கும் பட்டறை பூட்டித்தானே கெடக்கும்?"

பாலசுந்தரத்துக்கு விளங்கிவிட்டது. அவர்களுக்கு ஜெயிலைப் பற்றிக் கவலையில்லை. கேஸ் செத்துவிடக் கூடாது. அவ்வளவுதான்!

"சரி. போன்ல என்ன சொன்னே? அதே மாதிரி சொல்லிக் காட்டு."

ஜெயக்கொடி தொண்டையைச் செருமினாள்.

"அலோ... ஆபீசரு வாராரு. இசுபெக்சனுக்கு. மொதலாளிட்டச் சொல்லிரு. வச்சிரவா?"

சோணை சிரிப்பை அடக்க மீசையைப் பிடித்துக்கொண்டார்.

பாலசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்குப் போங்கம்மா. பொய் வாக்குமூலம் கொடுக்கறது குத்தம்."

"ஏன்யா..." ஜெயக்கொடி நகராமல் நின்றாள். "ஆபீசர் வாராருன்னு பொய் சொன்னா குத்தம்கிறீக. வாரேன்னு முன்கூட்டியே சொல்லிட்டு வாராரே ஆபீசரு... அது குத்தமில்லையா?"

சட்டப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் இதற்கு ஒரு பிரிவு கிடைக்காது!

*

சூடாமணியின் ஆஸ்பத்திரி காலியாக இருந்தது.

"ஈயடிக்கிறேன் இன்ஸ்பெக்டர்." டாக்டர் சிரிக்க முயன்றாள். "பத்து வருஷத்துல இப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. இந்த பெஞ்ச் முழுக்கப் பிள்ளைங்க உக்காந்திருக்கும். இழுத்துக்கிட்டு, இருமிக்கிட்டு. இப்ப யாரும் வர்றதில்லை."

"புகை அவ்வளவு கெடுதலா டாக்டர்? பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பெரியவங்க நுரையீரல் வளர்ந்து முடிஞ்சது. குழந்தைக்கு இப்பத்தான் வளருது. அந்தச் சின்னக் குழாய்கள் வீங்கினா காத்து போக இடம் ஏது? நம்மளைவிட வேகமா வேற மூச்சு விடுறாங்க. தினமும் இந்தக் கரி உள்ள போனா, வளர வேண்டிய நுரையீரல் வளராமலே நின்னுடும். அப்புறம் புகை நின்னாலும் போனது போனதுதான். சீனிக்கு ஏழு வயசு. மூச்சு நாலு வயசுப் பிள்ளை மூச்சு."

"மருந்து?"

"நான் கொடுக்கிற ஊசி அன்னைக்கு ராத்திரிக்கு. புகை தினமும். யார் ஜெயிப்பா?"

அப்போது வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், தோளில் மகனைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"டாக்டரம்மா! நெல்லு அவிக்கிற அடுப்புக்கிட்டயே கெடந்திருக்கான். புகை அடிச்சிருச்சு!"

சூடாமணி பையனை வாங்கி மேஜையில் படுக்கவைத்தாள். பையனின் நெஞ்சு ஏறி இறங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம்...

உய்ய்... உய்ய்ய்...

பாலசுந்தரம் கல்லாகிப் போனார்.

நாய்க்குட்டி!

நாய்க்குட்டி இல்லை... இழுப்பு! ஒரு குழந்தையின் மூச்சு!

அவர் பார்வை மெல்ல நகர்ந்தது. மேஜைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்... கறுப்பு டெலிபோன்!

படித்த குரல். பின்னால் இழுப்பு. பக்கத்தில் போன்.

ஊசி போட்டு, பையனை மடியில் சாய்த்து, அவன் மூச்சு தணியும் வரைக்கும் சூடாமணி திரும்பவில்லை. திரும்பியபோது இன்ஸ்பெக்டர் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் சோணை நின்றார். சூடாமணி சௌராஷ்டிரத்துக்கு மாறினாள். சோணை கூரையைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணா."

இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை. அண்ணா.

"அன்னைக்கு மதியம் சீனி இந்த மேஜையிலதான் கிடந்தா. உதடு நீலமாயிடுச்சு. ரெண்டு ஊசி போட்டேன். கேக்கல. சிலிண்டர்ல ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி பிடிக்கப் போன ஜெயக்கொடி திரும்பல. ஜன்னலைத் திறந்தாப் புகை. மூடினாலும் புகை. என் கண் முன்னாலேயே அடங்கிக்கிட்டிருந்தா."

"அதனால..."

"ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் புகை நிக்கும்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும். போனை எடுத்தேன். ஒரு மணி நேரம் நல்ல காத்து வேணும்னு நினைச்சேன் அண்ணா. வேற எதுவும் நினைக்கல. கொஞ்ச நேரத்துலயே புகை நின்னுச்சு. காத்து வந்துச்சு. அவ கண்ணைத் திறந்து தண்ணி கேட்டா."

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சாயங்காலம் கூப்பிட்டு விட்டாங்க. போய்ப் பார்த்தா... கன்னம் சிவந்து கிடக்கார். எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்ல வந்தேன். மறுநாள் காலையில பெஞ்ச் காலியா இருந்துச்சு. அதுக்கு மறுநாளும். இன்னும் ஒரு நாள் போகட்டும்னு... இன்னும் ஒரு நாள்னு..." கையை நீட்டினாள். "அரெஸ்ட் பண்ணுங்க."

பாலசுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரெஸ்ட் செய்தால்... விசாரணை முடியும். கோர்ட்டில் கேஸ் நடக்கும்போதே சீல் பிரியும். பட்டறை திறக்கும். ஊசி போட ஆள் இருக்காது.

செய்யாவிட்டால்... விபத்து என்று கேஸ் முடியும். பட்டறை திறக்கும்.

எந்தக் கதவைத் தட்டினாலும் அதே புகை!

"என்னய்யா சொன்னாக டாக்டரம்மா?" ஜீப்பில் ஏறும்போது சோணை கேட்டார்.

"வீட்டு விஷயம்."

"ஓகோ..." சோணை ஜீப்பின் கம்பியைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு அந்தப் பாஷை தெரியாதுய்யா. சத்தியமாத் தெரியாது. அழுகைதான் தெரியும்."

*

பாலசுந்தரம் ரிப்போர்ட் எழுதினார்.

விபத்து. போன் செய்தது யார் என்று கண்டறிய முடியவில்லை. உத்தரவு போட்டது இறந்தவரே. ஆகவே யார் மீதும் குற்றமில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யை டைப் அடித்தார். அதற்குப் பரிகாரமாக இரண்டு சிபாரிசு சேர்த்தார்.

ஒன்று: டயர் எரிப்பதால் அந்தத் தெருக் குழந்தைகளின் நுரையீரல் கெடுகிறது, உடனே தடுக்க வேண்டும்.

இரண்டு: புகைக்கூண்டை மூடும் இரும்புத் தகடு உயிருக்கு ஆபத்து, அதை அகற்ற வேண்டும். அவர் எழுதாமல் விட்டது: தகடு இல்லாவிட்டால் இனி ஆபீசரை ஏமாற்ற முடியாது. வரும் அன்றைக்குப் புகையைப் பார்த்தே தீரவேண்டும். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டி.எஸ்.பி. படித்தார். பேனாவை எடுத்தார். முதல் சிபாரிசின் மேல் நீளமாய் ஒரு கோடு!

"சார்... குழந்தைங்க..."

"நுரையீரல் போலீஸ் வேலையா பாலசுந்தரம்? டாக்டர் பார்த்துக்குவாங்க. தகடு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்களே, அது பிரமாதம். அதை உடனே செய்யச் சொல்லுங்க!"

உடனே செய்தார்கள். அரசாங்கத்தில் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்து பாலசுந்தரம் பார்த்ததில்லை.

சீல் பிரிந்தது.

ஒரு நாள் முற்பகலில் ஜீப் பழங்காநத்தம் பக்கம் போனபோது, தூரத்திலிருந்தே தெரிந்தது. வானத்தில் கறுப்பாக ஒரு தூண்.

காசிமாயன் வாசலுக்கே வந்து வரவேற்றான்.

"வாங்க சார்! ஒரு கலர் சாப்பிடுங்க. நீங்க சொன்னபடி தகட்டைப் பேத்து எறிஞ்சாச்சு. ஆபீஸ் ரூமை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திட்டேன். காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது. ஒரு பொட்டு வாடை வராது!"

"இனிமே ஆபீசர் வந்தா புகையை மறைக்க முடியாதே காசிமாயன்?"

"எதுக்கு சார் மறைக்கணும்?" அவன் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தான். "நேத்துத்தான் வந்துட்டுப் போனாரு. 'என்னய்யா இம்புட்டுப் புகை'ன்னாரு. உங்க ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிட்டேன்ல! 'புகைக்கூண்டைத் தொறந்தே வைக்கணும்னு போலீஸ் உத்தரவு சார்'னு! படிச்சுப் பாத்துட்டு, 'அப்பச் சரிதான்'னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு!"

பாலசுந்தரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபீசர் வரும் ஒரு மணி நேரமாவது அந்தத் தெரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கிக் காசிமாயன் கையில் கொடுத்தது...

அவருடைய ரிப்போர்ட்!

ஜீப்பைத் திருப்பினார்கள். வரிசை வீடுகளைத் தாண்டும்போது எதிரே ஜெயக்கொடி வேகமாக நடந்து வந்தாள். தோளில் சீனி. கால்கள் துவண்டு தொங்கின. மூச்சுச் சத்தம் ஜீப்பின் இஞ்சினைத் தாண்டிக் கேட்டது.

"ஏறும்மா! டாக்டர்கிட்ட விடுறேன்!"

அவள் ஏறினாள். மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்தத் தடவை அழவில்லை.

"காலையில நாங்களும் ஒரு போனப் போட்டுப் பாத்தோம்யா. 'ஆபீசர் வாராரு'ன்னு. 'வரட்டுமே'ன்னு சிரிக்கிறாய்ங்க."

பாலசுந்தரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்... நல்லது செய்யணும்னுதான்மா அந்தத் தகட்டை எடுக்கச் சொன்னேன்."

"தெரியும்யா. நல்ல காரியந்தேன்." ஜெயக்கொடி ஜீப்புக்கு வெளியே, அந்தக் கறுப்புத் தூணை அண்ணாந்து பார்த்தாள். "இனிமே இந்தப் புகை ஒரு முதலாளியையும் கொல்லாது!"